மூக்கும் கிணறும்

குரோம்பேட்டை என்கிற பேரே தோல் தந்த பேர். 1912இல் சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. அந்தப் பேரில் மனை வாங்கிக் குடியேறியவர்கள் இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு மனு எழுதுகிறார்கள். போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னிடமும் கையெழுத்துக்கு வந்தார். நாகல்கேணி தோல் கம்பெனிகளை மூடணுமாம். “பாக்கவே அசிங்கமா இருக்கு சார், மனை விலையே எறங்கிடும்.” மனுவில் முதலில் நாற்றம், அடுத்து ‘அங்கே வேலை செய்கிற ஆட்கள்’. நாகல்கேணி நிலத்தடி நீரில் குரோமியம் இறங்கியதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கொடுக்கணும் என்றது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத் தோல் கம்பெனிகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். (அதே பட்டியலில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமும் இருந்தது. பேரைப் பலகையில் எழுதினார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கியது நம்ம சனம்.) குழியில் நிற்கிறவனுக்குக் கையுறை உண்டா, மூடினால் அவன் அடுப்பு எப்படி எரியும்? மனுவில் அதுவும் இல்லை.

“தண்ணி, கையுறை, கூலி மூணையும் சேர்த்து எழுதிட்டு வாங்க, மொதக் கையெழுத்து என்னுது” என்றேன். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை.