மருந்து பாட்டிலில் படித்த இங்கிலீஷ்

மக்காச்சோளத்துக்கு ரெண்டாவது களை எடுத்து முடிச்சாச்சு. மூச்சு விட கொஞ்சம் நேரம் கிடைச்சதால இந்தப் பதிவு.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்தான். காலேஜில் ரெண்டாம் வருடம் படிக்கிறான். "பெரியப்பா, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேரலாம்னு இருக்கேன். மூணு மாசம், எட்டாயிரம் ரூபா. அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். எட்டாயிரத்தை அவன் அப்பா எங்கிருந்து எடுப்பார் என்று எனக்குத் தெரியும். கட்டுத்தரையில் நிற்கிற கன்னுக்குட்டிதான் சந்தைக்குப் போகும்.

"ஒரு மாசம் நான் சொல்றதைச் செஞ்சு பாரு கண்ணு. அதுக்கப்புறமும் கிளாஸ் வேணும்னா நானே அப்பாகிட்ட பேசறேன்" என்றேன். நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், என் இங்கிலீஷ் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு தப்பு இருக்கிறது. நகரத்தில் இருக்கிற உங்களுக்கும் அதில் சம்பந்தம் உண்டு.

கீரனூர் என்றால் சிலருக்குப் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிற ஊர் ஞாபகம் வரும். இது பழனி வட்டத்துக் கீரனூர். எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் பெயரில் இருக்கிறதே, அந்த ஊர். நான் படித்தது தமிழ் மீடியம். இங்கிலீஷ் இரண்டாம் தாளில் ஆக்டிவ் வாய்ஸை பேசிவ் வாய்ஸாக மாற்றுவேன், கோடிட்ட இடத்தை நிரப்புவேன், பாஸாகிவிடுவேன். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சிவப்பு மையில் வட்டம் வட்டமாக இருக்கும். மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். அந்த வட்டத்துக்குள் என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு, கபில்தேவ் படம் போட்டு விளம்பரம் வந்த ரேபிடெக்ஸ் புத்தகத்தையும் வாங்கினேன். மூணாவது பாடத்தில் நின்றது, நின்றதுதான்.

அப்புறம் விவசாயம். இங்கிலீஷ் எதுக்கு என்று விட்டுவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் முக்கால் ஏக்கரில் கத்தரி போட்டிருந்தேன். கத்தரி போட்டவர்களுக்குத் தெரியும், காய்ப்புழு வந்துவிட்டால் பாதிக் காய் சொத்தைதான். மருந்துக் கடையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அளவை மட்டும் கேட்டுக்கொண்டு வந்து அடித்தேன். லேபிளில் "வெயிட்டிங் பீரியட்" என்றும் 22 நாள் என்றும் போட்டிருந்தது. எனக்கு வெயிட்டிங் தெரியும், பீரியட் தெரியும். பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட், ரெண்டாம் பீரியட் என்போமே. ரெண்டையும் சேர்த்து, "அடுத்த மருந்து அடிக்க 22 நாள் காத்திருக்கணும்" என்று நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நல்ல மருந்து போல, 22 நாளைக்குத் தாங்குதே என்று சந்தோஷம் வேறு.

நாலாம் நாள் காய் பறித்தேன். கத்தரியை நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். மூட்டை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனது. அங்கிருந்து கேரளாவுக்குப் போயிருக்கும், கோயமுத்தூருக்குப் போயிருக்கும். கொஞ்சம் காய் எங்கள் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பிலும் போனது.

அடுத்த முறை மருந்து கலக்கும்போது பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாள் கீழே விழுந்தது. பல மடிப்பாக மடித்து, எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அதுதான். காற்றில் பறக்காமல் இருக்கக் காலால் மிதித்தவன், சும்மா எடுத்துப் பார்த்தேன். பயிர்ப் பெயர், பூச்சிப் பெயர், அளவு என்று கட்டம் போட்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பில் வெயிட்டிங் பீரியட் என்பதற்குப் பிறகும் சில வார்த்தைகள் இருந்தன. "பிட்வீன் லாஸ்ட் ஸ்ப்ரே அண்டு ஹார்வெஸ்ட்". கடைசி மருந்தடிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மருந்தடித்த பிறகு 22 நாள் காய் பறிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறான். நான் நாலாம் நாளே பறித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னபோது, "ஏனுங்க, இத்தன வருசமா இப்படித்தான் பறிச்சோமா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எனக்குத் தெரிந்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "எனக்குத் தெரிந்து" என்பது ஒரு பதில் இல்லையே.

அன்றைக்கு ராத்திரி பழைய டைரி ஒன்றை எடுத்தேன். பக்கத்துக்கு நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம், கண்ணில் பட்ட இங்கிலீஷ் வாசகம். வலது பக்கம், நான் என்ன நினைத்தேன், உண்மையில் என்ன. முதல் வரி வெயிட்டிங் பீரியட்.

ஒற்றை வார்த்தையாக எழுதக் கூடாது என்பது அந்த முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வெயிட்டிங், பீரியட் இரண்டும் தனித்தனியாக எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். சேர்ந்து வரும்போதுதான் ஏமாந்தேன். அதனால் வாசகத்தை முழுசாகவே எழுத ஆரம்பித்தேன். பாட்டிலிலேயே பாதி இங்கிலீஷ் இருக்கிறது. "கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்" என்றால் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வை. இதைத் தெரிந்துகொண்டால் மாத்திரை அட்டையிலும் படிக்கலாம், கொசு மருந்திலும் படிக்கலாம். "நோ ஸ்பெசிஃபிக் ஆன்டிடோட்" என்றால் இந்த விஷத்துக்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. அது புரிந்த நாளிலிருந்து முகத்தில் துணி கட்டாமல் நான் மருந்து அடிப்பதில்லை. சதுரத்துக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு நிறத்தில் ஒன்று இருக்கும். பச்சை என்றால் ஆபத்து இல்லை என்று எங்கள் பக்கம் பலர் நினைக்கிறார்கள். பச்சையும் விஷம்தான், நாலில் குறைந்த விஷம், அவ்வளவே.

பாட்டில் முடிந்ததும் மற்றதற்கு வந்தேன். பயிர்க் காப்பீட்டுத் தாளில் "வித்தின் 72 அவர்ஸ்" என்றிருக்கும். ஆலங்கட்டி மழை மாதிரி சேதம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். அந்த "வித்தின்"தான் உயிர். அதை "கழித்து" என்று புரிந்துகொண்டவனுக்குக் காப்பீட்டுப் பணம் அங்கேயே போச்சு.

அப்புறம் பேச்சு. பெங்களூரிலிருந்து ஒரு வியாபாரி முருங்கைக்காய் கேட்டு போன் செய்வார். இங்கிலீஷ்தான். நான் "ரெயின் சின்ஸ் டூ டேஸ்" என்பேன். அவர் "ஓ, ரெயினிங் ஃபார் டூ டேஸ்?" என்று திருப்பிக் கேட்பார். பல தடவை இப்படி நடந்தது. நான் மழையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எஸ், எஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள்தான் காதில் விழுந்தது, நான் சின்ஸ் என்கிறேன், அவர் ஃபார் என்கிறார். டைரியில் எழுதிவைத்து யோசித்துப் பார்த்தேன். தமிழில் "திங்கட்கிழமையிலிருந்து மழை" என்றாலும் "ரெண்டு நாளா மழை" என்றாலும் நமக்கு ஒரே கணக்கு. இங்கிலீஷில் எப்போது தொடங்கியது என்று சொன்னால் சின்ஸ், எவ்வளவு காலம் என்று சொன்னால் ஃபார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் நானாக மாட்டிக்கொண்ட பிறகுதான் மனசில் நின்றது.

இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தது. அப்படியெல்லாம் இல்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்கிறவர் மகன். பத்து வயதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய், அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்பெக்டேட்டர் என்ற பத்திரிகையின் ஒரு தொகுதி கையில் கிடைக்கிறது. அதில் பிடித்த கட்டுரையின் ஒவ்வொரு வரிக்கும் சின்னக் குறிப்பு எடுத்து வைத்துக்கொள்வார். சில நாள் கழித்து, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக் கட்டுரையைத் தானே எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, எங்கே தப்பு என்று பார்த்துத் திருத்துவார். வாத்தியார் இல்லை.

ரிச்சர்ட் ஷ்மிட் என்று ஒரு மொழியியல் பேராசிரியர். பிரேசிலில் ஐந்து மாதம் இருந்தபோது போர்ச்சுகீசு கற்றுக்கொண்டு, தினமும் டைரி எழுதினார். அவர் பேசியதையும் டேப்பில் பதிவு செய்தார்கள். பிறகு சில்வியா ஃப்ரோட்டா என்பவரோடு சேர்ந்து டைரியையும் டேப்பையும் ஒப்பிட்டு 1986-இல் கட்டுரை வெளியிட்டார். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவர் வாயில் வந்துவிடவில்லை. அடுத்தவர் பேச்சில் தானே கவனித்த வடிவங்கள்தான் பெரும்பாலும் அவர் பேச்சில் வந்தன. கவனிக்காதது உள்ளே போகாது என்று 1990-இல் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார்.

விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018-இல் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வந்தபோது பார்த்தோமே. காட்டை எல்லோரும்தான் சுற்றிப் பார்த்தார்கள். குருத்தைப் பிரித்து, உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தவன்தான் பயிரைக் காப்பாற்றினான். பார்க்கிறது வேறு, கவனிக்கிறது வேறு.

தப்பைத் திருத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்கு நம்ம பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்கிறேன். காந்தியின் சுயசரிதையை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர் மகாதேவ தேசாய். 1940-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, மரியாதைக்குரிய ஒரு ஆங்கில அறிஞர் மொழியைத் திருத்திக் கொடுத்தார் என்றும், பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை என்றும் முன்னுரையில் தேசாய் எழுதினார். அவர் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி என்பது பின்னால் தெரிந்தது. காந்தி பெயரில் வந்த புத்தகத்துக்கே திருத்தம் உண்டு. நமக்கு என்ன?

இதில் ஒரு கேள்வி வரும். என் தப்பு எனக்கே எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. பக்கத்தில் சரியான மாதிரி ஒன்று இருந்தால்தான் தெரியும். பிராங்க்ளினுக்கு ஸ்பெக்டேட்டர் இருந்தது, எனக்குத் துண்டுத்தாளும் பெங்களூர்க்காரரும் இருந்தார்கள். மாதிரி இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தால் தப்பு ஊறிப்போய்விடும். உச்சரிப்பையும் தனியாகத் திருத்துவது கஷ்டம். நான் சொல்கிற சில வார்த்தைகளுக்கு என் மகளே சிரிக்கிறாள். கூச்சம் போக, நாலு பேர் நடுவில் பேசிப் பழக, கிளாஸ் உதவலாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையில் டைரி இல்லாமல் கிளாஸுக்குப் போகிறவன், சிவப்பு வட்டத்தை மடித்து வைத்த என்னை மாதிரிதான் திரும்பி வருவான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. விவசாயி எதுக்கு இங்கிலீஷ் படிக்கணும், கம்பெனிக்காரன் தமிழில் பெரிசாகப் போடட்டுமே? போடத்தான் வேண்டும். துண்டுத்தாளில் வட்டார மொழியும் இருக்க வேண்டும் என்பது விதிதான். இருக்கவும் இருக்கிறது, ஆனால் அந்தப் பொடி எழுத்தை நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. பெரிசாகப் போடு என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அது வருகிற வரைக்கும் கத்தரிக்காய் காத்திருக்காது. மருந்தடித்த நாலாம் நாள் பறிப்பதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது கத்தரி காய்க்கத் தொடங்கிவிட்டால் நான் 22 நாள் மருந்தைத் தொடுவதில்லை. இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறேன், வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கிறேன். அதையும் மீறினால், மூணு நாலு நாள் காத்திருப்பு இருக்கிற மருந்தாகப் பார்த்து, பறித்து முடித்த அன்றைக்கே அடித்துவிட்டு, நாளை எண்ணித்தான் மறுபடி பறிக்கிறேன். கொஞ்சம் சொத்தைக் காய் கூடுதலாகத்தான் வருகிறது. நீங்கள் மார்க்கெட்டில் ஓட்டைக் காயை ஒதுக்கும்போது இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஒரு நோட்டு வாங்கு. தினமும் உனக்கு வேலைக்கு ஆகிற ஒரே ஒரு வாசகத்தைக் கண்டுபிடித்து முழுசாக எழுது. நீ பண்ணின ஒரு தப்பை எழுது, சரியானதைப் பக்கத்தில் எழுது. மறுநாள் அதை எங்கேயாவது பேசிப் பார்.

நேற்று சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஆறு பக்கம் எழுதியிருக்கிறான். முதல் பக்கத்தில் "டுடே மார்னிங்" என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் "திஸ் மார்னிங்" என்று இருந்தது. "பெரியப்பா, இதை இத்தன நாளா தப்பாவே சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றான்.

நானும்தான் கண்ணு, என்றேன். அவன் போனதும் என் டைரியில் அதை எழுதிக்கொண்டேன்.