டைகிரியில் ஸ்ட்ராபெரிக்கு என்ன வேலை?

காக்டெயில் பேச்சு எடுத்தால் என் நண்பர்களில் பாதிப் பேர் மார்ட்டினியில் போய் நிற்பார்கள். கலக்குவதா, குலுக்குவதா என்று விடிய விடிய வாதம் நடக்கும். எனக்கு அதில் பெரிய அக்கறை கிடையாது. நான் சண்டைக்கு நிற்பது டைகிரிக்காக. வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. மூன்றே பொருள். ஒன்றின் அளவு தப்பினாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

கியூபாவில் சான்டியாகோ நகருக்குப் பக்கத்தில் டைகிரி என்று ஓர் ஊர். 1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்கப் படை கரையிறங்கிய இடம். அந்தப் பக்கத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். கரும்பும் எலுமிச்சையும் விளைகிற தீவில் அவர் வரும்வரை யாரும் இரண்டையும் சேர்த்துக் குடிக்கவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பெயர் வைத்த பெருமை வேண்டுமானால் அவருக்குப் போகட்டும்.

வழக்கெல்லாம் அளவில்தான். டேவிட் எம்பரி என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1948இல் எழுதிய புத்தகத்தில் ரம் 8 பங்கு, சாறு 2, பாகு 1 என்கிறார். அப்படிச் செய்தால் ரம் மட்டும்தான் நாக்கில் நிற்கும். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் கணக்கு, 60 மில்லி ரம்முக்கு 20 மில்லி சாறு, இரண்டு பார் ஸ்பூன் நைஸ் சர்க்கரை. என் ஓட்டு இதற்கே. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் பெரிய, விதையில்லாத பழம் வேறு. நம் சந்தையில் வாங்கும் தோல் மெல்லிய சிறு பழம் வேறு. நம்முடையதில் புளிப்பு ஒரு பிடி கூடுதல். சாற்றை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சர்க்கரையில் கை வைக்க வேண்டும்.

சர்க்கரையை முதலில் சாற்றில் கரையுங்கள். ரம்மும் ஐஸும் விழுந்த பிறகு போட்டால் கரையாமல் கிளாஸின் அடியில் மணலாகத் தங்கிவிடும். பிறகு ரம், ஷேக்கர் நிறையப் பெரிய ஐஸ் கட்டிகள். பத்துப் பன்னிரண்டு வினாடி பலமாகக் குலுக்கினால் ஷேக்கரின் வெளிப்புறம் வெண்மையாகப் பனி படரும், விரல் ஒட்டும். அப்போது நிறுத்தலாம். ஐஸ் உருகி இறங்கும் தண்ணீரும் இந்தப் பானத்தில் சேர்த்திதான். அது இல்லாவிட்டால் தொண்டையை எரிக்கும். ஏற்கெனவே உருக ஆரம்பித்த சில்லு ஐஸைப் போட்டால் நீர்த்துப் போகும்.

குலுக்கித்தான் செய்ய வேண்டும் என்று சொன்னால், 'ஹவானாவில் எல் ஃப்ளோரிடிட்டா பாரிலேயே பிளெண்டரில் அடித்தார்களே' என்று கேட்பார்கள். அடித்தார்கள்தான். அங்கே பார்டெண்டர் கான்ஸ்டான்டினோ ரிபலைகுவா நொறுக்கிய ஐஸோடு கொஞ்சம் மராஸ்கினோ என்ற செர்ரி மதுவும் சேர்த்தார். ஆனால் ரம்மும் எலுமிச்சையும் முன்னால் நின்றன. அங்கே வாடிக்கையாக வந்த எழுத்தாளர் ஹெமிங்வேக்குச் சர்க்கரையே வேண்டாம், ரம் இரட்டிப்பாக வேண்டும். அவருடைய வெண்கலச் சிலை இன்றும் அந்த பாரில் சாய்ந்து நிற்கிறது. அவர் எழுத்தில் எனக்கு மரியாதை உண்டு. அவருடைய டைகிரியில் இல்லை. இனிப்பு இல்லாத புளிப்பு வாயைச் சுருக்குகிறது.

ஸ்ட்ராபெரி போட்டு, மெஷினில் சுற்றவிட்டு, அமெரிக்காவின் லூசியானாவில் காரில் உட்கார்ந்தபடியே வாங்கிப் போகிறார்களே, அதைத்தான் என்னால் டைகிரி என்று ஒப்புக்கொள்ள முடியாது. அவ்வளவு குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு சரியாக எட்டாது. அதனால் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்கள். கடைசியில் ரம் இருந்த இடமே தெரியாது. பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

பாரில் டைகிரி சொல்லும் முன் எலுமிச்சை இப்போது பிழிந்ததா என்று கேளுங்கள். பாட்டில் சாறு என்றால் வேறு எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள்.