குழாயின் நடுவில் அழுத்தம் எவ்வளவு?

இயற்கை வாயுக் குழாய்களின் கொள்திறனைக் கற்பிக்கும்போது சூத்திரத்தை மனப்பாடம் செய்விப்பது மட்டும் போதாது; அதன் காரணத்தையும் விளக்குதல் இன்றியமையாதது.

சமதளத்தில் ஒரே விட்டமுள்ள குழாயில் ஓடும் நீரின் அழுத்தம் தூரத்திற்கேற்பச் சீராகக் குறையும். வாயுவோ அழுத்தம் குறையக் குறைய விரிவடைகிறது. அதன் வேகம் மிகுகிறது. போகப்போக இழப்பும் பெருகுகிறது. ஆகையினாலேயே 1912ஆம் ஆண்டின் வேமத் சூத்திரம் இரு முனை அழுத்தங்களின் வித்தியாசத்தைக் கொள்ளாது, அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கொள்கிறது.

அத்தகைய வாயுக்குழாய் ஒன்றின் தொடக்கத்தில் 70 பார், முடிவில் 10 பார் அழுத்தம் உள்ளதெனக் கொள்வோம். இவை வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து எண்ணியவை. நடுவில் இருக்கவேண்டுவது 40 அன்று, ஏறத்தாழ 50. முற்பாதியில் இழப்பு 20, பிற்பாதியில் 40.

சராசரியை மட்டுமே அறிந்த ஊழியர், நடுவில் 40 பார் இருக்கக் கண்டால் குறையொன்றுமில்லை என்று திரும்பிவிடுவார். உண்மையிலோ முற்பாதியில் அடைப்போ கசிவோ ஏற்பட்டிருத்தல் கூடும். குஜராத்தின் ஹஜீராவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரை செல்வது போன்ற நெடுங்குழாய்களைக் காப்போருக்கு இத்தவறு சிறியதன்று.

வர்க்கம் காண்பது பள்ளி மாணவருக்கும் இயலும். ஆசிரியர்கள் இக்கணக்கை ஒருமுறையேனும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார்களாக.