அவசர ஊர்தியும் அதன் தொழிலாளர்களும்

2022ஆம் ஆண்டில் பெங்களூரு நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடங்கள் ஆயின என்று டாம்டாம் நிறுவனத்தின் போக்குவரத்துக் கணிப்பு தெரிவித்தது. அக்கணிப்பில் அதைவிட மெதுவான நகரம் லண்டன் ஒன்றே. அலுவலகம் செல்வோருக்கு இது அன்றாடச் சலிப்பு. லாரி மோதி இரத்தம் இழந்துகொண்டிருக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு இதன் பொருள் வேறு.

அந்தப் பொருளை மருத்துவ ஆய்வு எண்ணிக்கையாகவே கணக்கிட்டிருக்கிறது. 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ‘கிராஷ்-2’ ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலம் என்னும் ஊசிமருந்து விபத்தில் இரத்தம் இழப்போரின் இறப்பைக் குறைக்கிறது என்று நிறுவியது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. மருந்து தருவதில் ஏற்படும் ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்திலும் அதன் பயன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்றும், மூன்று மணி நேரத்துக்குப் பின் பயனில்லை என்றும் 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இது 1960களில் ஜப்பானில் கண்டறியப்பட்ட, காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன மலிவான மருந்து. இதற்கு விளம்பரம் செய்ய எந்தப் பெருநிறுவனமும் முன்வரப் போவதில்லை. மருத்துவமனைக்குப் போன பிறகே இம்மருந்து தரப்படுமானால், பெங்களூருவின் பத்துக் கிலோமீட்டர் அதன் பயனில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அவசர ஊர்தியில் வரும் மருத்துவ உதவியாளரின் கையில் அது இருந்தாக வேண்டும்.

அந்தக் கை யாருடையது, அதற்கு என்ன பயிற்சி, என்ன ஊதியம் என்பதே இங்கு எழும் கேள்வி. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 17 நகரங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களைக் காப்பதில் உயர்நிலைச் சிகிச்சையைச் சேர்த்ததால் உயிர்பிழைப்பு கூடவில்லை என்று கண்டது. அருகிலிருந்தவர் உடனே மார்பை அழுத்தியதும், மின்னதிர்வு விரைந்து தரப்பட்டதுமே உயிர்களைக் காத்தன. எளிய செயல்களைத் தாமதமின்றிச் செய்யப் பயிற்சி பெற்ற ஏராளமான மனிதர்கள் தேவை என்பதே இதன் பொருள். சந்தைக்கு இது உவப்பானதன்று. பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவரும் பிளிங்கிட் நிறுவனம் 2025 ஜனவரியில் குருகிராமில் ஐந்து ஊர்திகளுடன் அவசர ஊர்தி சேவையைத் தொடங்கியபோது ஆங்கில ஊடகங்கள் கொண்டாடின. அத்தகைய சேவை எந்தக் குடியிருப்புகளைத் தேடிப் போகும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பொது அமைப்பால் என்ன இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடும் 108 ஊர்திகளோடும் இணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. நடிகர் புனித் ராஜ்குமார் 2021இல் மறைந்த பின் அவர் பெயரில் கர்நாடக அரசு தொடங்கிய ‘ஹிருதய ஜோதி’ திட்டமும் இதே வழியில், தாலுகா மருத்துவமனையிலேயே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை இலவசமாகத் தருகிறது. வரவேற்கத்தக்க திட்டம். எனினும், 2025இல் ஹாசன் மாவட்ட மாரடைப்பு மரணங்கள் பற்றி ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் குறிப்பிடத்தக்க பங்கினர் ஆட்டோ, வாடகைக் கார் ஓட்டுநர்கள் எனத் தெரியவந்ததை மறக்கலாகாது. நாள் முழுதும் புகையில் அமர்ந்து வண்டி ஓட்டுபவர் நெஞ்சுவலிக்காக ஒரு நாள் வருமானத்தை இழக்கத் துணிவதில்லை.

கர்நாடகத்தின் 108 சேவை 2008 நவம்பர் 1 அன்று தனியார் கூட்டுடன் தொடங்கப்பட்டது. 2017இல் ஒப்பந்தத்தை முறிப்பதாக அரசு அறிவித்தும், மாற்று ஏற்பாடின்றி ஆண்டுக்கணக்கில் அதே நிறுவனமே தொடர்ந்தது. 2022 செப்டம்பரில் அழைப்பு மையத்தின் கணினி அமைப்பு பழுதாகி மாநிலமே தவித்தது. ஊதிய நிலுவைக்காக ஊழியர்கள் வேலைநிறுத்த அறிவிப்பு தர நேர்ந்தது. நூறு மருத்துவமனைகளை ஆராய்ந்து நிதி ஆயோக்கும் எய்ம்சும் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 91 விழுக்காட்டு மருத்துவமனைகளில் சொந்த ஊர்தி இருந்தது. பயிற்சி பெற்ற துணை மருத்துவப் பணியாளர்கள் இருந்தவை 34 விழுக்காடு மட்டுமே. வண்டி வாங்கினால் திறப்பு விழா நடத்தலாம், கொடியசைக்கலாம். ஊழியரை நிரந்தரமாக்கினால் மாதந்தோறும் ஊதியம் தர வேண்டும்.

இப்போது 108 சேவையைத் தானே நடத்தப் போவதாகக் கர்நாடக அரசு அறிவித்துள்ளது. தனியாரிடமிருந்து மீட்ட சேவையை ஆள்சேர்ப்பு முகமைகளிடம் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துக் கொடுத்தால், பெயர்ப்பலகை மட்டுமே மாறியிருக்கும். பல்லாண்டு அனுபவம் பெற்ற ஓட்டுநர்களையும் மருத்துவ உதவியாளர்களையும் அரசு ஊழியர்களாக ஏற்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் பணிக்கு முடிவுகட்டி எட்டு மணி நேர முறையைக் கொண்டுவர வேண்டும். அழைப்பு வந்ததிலிருந்து ஊர்தி சென்றடைய எத்தனை நிமிடங்கள் ஆயின என்ற விவரத்தைப் பெங்களூருவின் ஒவ்வொரு வார்டுக்கும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். குடிசைப் பகுதிகளின் கணக்கு அதில் தனியாகத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டின் 108 தொழிலாளர்கள் நெடுநாளாக எழுப்பிவரும் எட்டு மணி நேர வேலைக் கோரிக்கைக்குச் சென்னையில் ஆள்வோரும் பதில் சொல்லியாக வேண்டும்.