நகரும் கோடுகள்

2025ஆம் ஆண்டில் உலக வணிகச் செய்திகளில் ஓயாது ஒலித்த ஆங்கிலச் சொல் ‘டெட்லைன்’. நாம் அதைக் ‘காலக்கெடு’ என்கிறோம். அமெரிக்க அதிபர் டிரம்ப் ஏப்ரல் 2 அன்று பல நாடுகளின் மீது பரஸ்பர வரியை அறிவித்தார். ஒரே வாரத்தில் அதன் பெரும்பகுதி 90 நாள்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஜூலை 9 என்ற கெடு ஆகஸ்ட் 1 ஆயிற்று. பின்னர் ஆகஸ்ட் 7 ஆயிற்று.

இச்சொல்லின் பழைய பொருள் இன்று பலருக்கும் நினைவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் தென் மாநிலக் கூட்டமைப்பு ஒரு போர்க் கைதிகள் சிறையை அமைத்தது. ஏறத்தாழ 45,000 பேர் அங்கு அடைக்கப்பட்டனர். அவர்களுள் சுமார் 13,000 பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். மதிலுக்கு உட்புறம், சுமார் 20 அடி தள்ளி ஓர் எல்லைக்கோடு இருந்தது. அதைத் தாண்டுவோரைக் காவலர் சுட்டுக் கொல்லலாம். அதுவே ‘டெட்லைன்’, சாவுக்கோடு.

போருக்குப் பின் சிறைத் தலைவர் ஹென்றி விர்ஸ் விசாரிக்கப்பட்டு, 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் மீதான குற்றப்பத்திரிகையில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது: அந்தக் கோடு பல இடங்களில் கண்ணுக்கே புலப்படாத கற்பனைக் கோடு, வேறு பல இடங்களில், உறுதியற்ற முளைகளின் மேல் அறையப்பட்டு இடம்பெயரும் மரச் சட்டம். உயிர் போகும் எல்லை எதுவென்பது கைதிக்கே தெளிவாகத் தெரியாது.

பின்னாளில் அச்சு இயந்திரத்தில் எழுத்து பதியாத எல்லையைக் குறிக்கவும் இச்சொல் பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் செய்தியைத் தருவதற்கான இறுதி நேரத்தைக் குறிக்கலாயிற்று. இடத்தின் எல்லை காலத்தின் எல்லையாக மாறியது.

ஆனால், கோடு போடுபவர் ஒருவர், விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்ற நிலை மாறவில்லை. இந்தியப் பொருள்கள் மீது 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீத வரி விதிக்கப்பட்டது. ரஷிய எண்ணெயை வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம் விதிக்கப்பட்டது. அந்த நாளுக்கு முன் கப்பலேறிய சரக்குக்கு ஒரு வரி, பின் ஏறியதற்கு வேறு வரி. திருப்பூரின் பின்னலாடை உற்பத்தியாளர், நூல் வாங்குவதற்கு முன்பே விலையை ஒப்புக்கொள்கிறார். ஆடை கப்பலேறுவது பல வாரங்களுக்குப் பிறகு. வரி உயரும் என்று தெரிந்தால், அதை விலையில் சேர்த்துப் பேரம் பேசலாம். நகரும் தேதியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வலியவர் கெடுவை நீட்டினால் அது ராஜதந்திரம். எளியவர் ஒரு நாள் பிந்தினால் அது நஷ்டம்.

எனவே, வணிக ஒப்பந்தங்களில் வரி விகிதத்தை மட்டும் பேசினால் போதாது. வரி மாற்றத்துக்குப் போதிய முன்னறிவிப்புக் காலமும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சரக்குகளுக்குப் பாதுகாப்பும் அவற்றில் இடம்பெற வேண்டும். கோட்டை வரைந்தவரையும் கட்டுப்படுத்தும் கெடுவே நேர்மையான கெடு.