பொன்னும் முத்தும் புதைபடிவ ஓடும்

நகைத் தொழிலில் அரிய முத்தையும், அம்மோலைட்டு எனப்படும் வானவில் நிறங் காட்டும் புதைபடிவக் கல்லையும் ஒரே பொற்பதக்கத்திற் பதிப்பதுண்டு. இதனை ஆடம்பரக்காரரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடலாகாது. கோலார் தங்கவயலில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் சிறந்த பாடப்பொருள் கிடைப்பது அரிது. ஆயினும் அப்பாடத்திற்கு நகை வேண்டுவதில்லை, நிழற்படமே போதும் என்பது எமது கருத்து.

முதலில் பொருளை நோக்குவோம். அம்மோனைட்டு என்பது கணவாய்க்கு உறவான, சுருண்ட ஓடுடைய கடலுயிர். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்வினம் அழிந்தொழிந்தது. பூசையறையில் நாம் காணும் சாளக்கிராமத்தில் பெரும்பாலும் பதிந்திருப்பது அதன் உருவமே. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மோனைட்டுகளின் ஓடு, அரகோனைட்டு என்னும் தன் இயல்பான கனிம நிலை மாறாமல் எஞ்சியுள்ளது. அதுவே அம்மோலைட்டு.

முத்தும் பெரும்பாலும் அரகோனைட்டே. இரண்டிலும் கால்ஷியம் கார்பனேட்டின் நுண்தகடுகள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. அவ்வடுக்குகளிற் பட்டு மீளும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. சாயம் ஏதுமின்றி நிறம் பிறப்பது இவ்வாறே. பெங்களூரில் சர் சி. வி. இராமன் 1930களில் நிறங்காட்டும் சிப்பி ஓடுகளையும், 1954-இல் முத்துக்களையும் இத்துறையில் ஆராய்ந்தார்.

இனிப் பதக்கத்தின் பொன்னை நோக்குவோம். 2001-இல் மூடப்பட்ட கோலார்ச் சுரங்கங்கள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையைத் துளைத்துச் சென்றவை. ஓடுடைய உயிர்கள் தோன்றியதோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். ஆகவே கோலார்ப் பாறையில் அம்மோனைட்டைத் தேடும் மாணவன் ஏமாறுவான். அவன் ஏன் ஏமாறுகிறான் என்பதே நாம் கற்பிக்க வேண்டிய பாடம்.

நிற்க. பொருளின் அழகு அறியப்பட்டால் அதன் விலை ஏறுகிறது. விலை ஏறினால் அதனை அகழ்வோரும் பெருகுகின்றனர். முத்து, புதைபடிவம் ஆகிய இரண்டிற்கும் இஃது ஒக்கும்; எனினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. தூத்துக்குடியில் 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றது. ஆயினும் 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அங்கேயே சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினர். முத்தை மீண்டும் விளைவிக்கலாம். அம்மோனைட்டை விளைவிக்க இயலாது.

அம்மோனைட்டுகள் நம் அருகிலேயே உள்ளன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை முதலிய ஊர்களிலும் அரியலூர் வட்டாரத்திலும் பண்டைக் கடலின் படிவுகள் அவற்றைத் தாங்கி நிற்கின்றன. சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகையில் அங்கு ஒரு பகுதி அழிகிறது. எஞ்சியதையும் மாணவர் பைகளில் நிரப்பிக்கொண்டு திரும்புவது கல்விச் சுற்றுலாவாகாது. எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடைத்தது என்னும் குறிப்பை இழந்த புதைபடிவம் வெறும் அலங்காரப் பொருளே.

ஆகவே பெயர்த்தெடுக்குமுன் படமெடுப்பதைக் களப்பணியாளர் விதியாகக் கொள்க. அருகில் ஓர் அளவுகோலை வைத்து, ஊர், அடுக்கு, தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது அவசியம். வகுப்பறையில் முத்துச்சிப்பி ஓடு ஒன்றும் அம்மோலைட்டின் வண்ணப்படமும் போதும். ஓட்டின் உட்புறத்தை ஒருபுறமிருந்து சாய்வாக விழும் ஒளியிற் பிடித்து மெல்லத் திருப்பினால் நிறம் மாறுவதை மாணவர் கண்ணாரக் காண்பர். முத்துக்கோ, வெள்ளைத் துணியினூடே பரவிவரும் சாளர ஒளியே ஏற்றது. நேரொளியில் அதன் உருண்டை மேற்பரப்பு சுற்றுப்புறத்தையே பிரதிபலிக்கும்.

அம்மோனைட்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவரும் அதனை அதன் அடுக்கிலேயே கண்டு கற்கும் உரிமையுடையவரன்றோ?