மடியில் வளரும் மொழி

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, 5 வயது நிறைந்த குடியிருப்போருள் 48.3 விழுக்காட்டினர் இல்லத்தில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. எனவே, சீனப் பெற்றோர் பலர் தம் மழலையரைச் சீனமொழித் தனிவகுப்புகளுக்கு அனுப்புகின்றனர். அது மட்டும் போதுமா? போதாது என்பதே என் துணிபு.

நம் 247 எழுத்துகளை அறிந்தோர் எச்சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். சீனமோ அத்தகையதன்று, செய்தித்தாள் படிப்பதற்கே ஏறத்தாழ 3,000 எழுத்துருக்களை நினைவில் நிறுத்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் காணாத உருவம் மனத்தில் நில்லாது. வார வகுப்பு எழுத்தை அறிமுகப்படுத்தும். நாள்தோறும் தாய்மடியில் விரியும் கதைநூலே அதனை உறவாக்கும்.

கட்டணம் செலுத்தி வகுப்பைப் பெறலாம். வீட்டுப் பேச்சைப் பெற இயலுமோ? அங்கே தமிழ் பயிலும் நம் குழந்தைகளுக்கும் இஃது பொருந்தும் என்பதை நாம் மறத்தலாகாது.